சூப்பர் ஹீரோவுக்கு அளவு சொன்னவர்கள்

பழைய காமிக்ஸ் சூப்பர் ஹீரோக்களுக்குப் புது உடுப்பு மாட்டிவிடுவது என் தொழில். அளவு சொல்வது மட்டும் எப்போதும் வேறு யாராவது.

ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு வந்து, விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நர்சரி பள்ளி, துணிக்கடை, ஓட்டல் என்று கிடைத்த சுவரில் எல்லாம் வரைகிறேன். "கொஞ்சம் மாத்திடுங்களேன்" என்ற வார்த்தையைக் கேட்டாலே என் கை வெள்ளை பெயிண்ட் டப்பாவைத் தேடும். அடுத்தவர் சொல்படி வேலை செய்து வயிறு வளர்க்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எனக்கு ஓர் ஆசை இருந்தது. என் அம்மா விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கம் நடவுக்கும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக்குக் களை எடுக்கவும் போகிறவள். தூக்கிச் செருகிய புடவை, அதன்மேல் அப்பாவின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. இதே உடுப்பில், துண்டு அவிழ்ந்து முதுகில் பறக்க, ஒரு வீராங்கனையை வரைந்து வைத்திருந்தேன். நாலு வருடமாக அவள் என் போனுக்குள்ளேயே கிடந்தாள். ஒரே ஒரு சுவரில் அவளை ஏற்றிவிட வேண்டும் என்பதுதான் ஆசை.

பேண்ட்டுக்கு மேலே

விழுப்புரத்தில் ஒரு நர்சரி பள்ளி. பறக்கும் வீரனை வழக்கமான உடுப்பில் வரைந்தேன். தாளாளர் வந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். பேண்ட்டுக்கு மேல் ஜட்டி போட்டிருப்பவனைப் பார்த்துப் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்ளும் என்றார். நியாயம்தான். எனக்கும் அந்த ஜட்டி பிடிக்காது. அழித்துவிட்டு நல்லதாக ஒரு கவசம் யோசித்து வைத்தேன்.

அவரும் யோசித்து வைத்திருந்தார். மறுநாள் பள்ளிச் சின்னம் போட்ட பெல்ட் வந்தது, பிறகு டை, பிறகு கறுப்பு ஷூ. சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார்ந்து திருப்தியாகப் பார்த்தார்.

"இப்பதாம்மா ஒழுக்கமான பிள்ளையா இருக்கான். அப்படியே கழுத்துல ஒரு ஐடி கார்டும் மாட்டிடுங்க."

பறப்பதற்கு முன்

திண்டிவனத்தில் குழந்தைகள் துணிக்கடை. இந்த முறை ஒரு வீராங்கனை. கை தெரிகிறது என்றார் கடைக்காரர், முழுக்கை போட்டேன். கால் தெரிகிறது என்றார்; சுடிதார் பேண்ட் போட்டேன். துப்பட்டாவும் வந்தது. அது காற்றில் பறக்கிற மாதிரி வரைந்தபோது, இதுவாவது கொஞ்சம் அழகாக வந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

"குடும்பப் பொண்ணுங்க வந்து போய்க்கினு இருக்கற கடைங்க. அவ பறக்கட்டும், வேணான்னு சொல்லலை. துப்பட்டாவுக்கு ரெண்டு பக்கமும் பின்னு குத்திக்கினு பறக்கட்டும்."

நீலம்

விக்கிரவாண்டியில், நெடுஞ்சாலையோர ஓட்டல் ஒன்றில் பிள்ளைகள் விளையாடும் மூலைக்கு ஒரு வீரன் கேட்டார்கள். நீல உடுப்பு. உலகத்தில் பாதி சூப்பர் ஹீரோக்கள் நீலத்தில்தான் திரிகிறார்கள். முதலாளி வந்தார், நீலம் ஒரு தரப்பின் நிறம், வேண்டாம் என்றார். மஞ்சள் சொன்னேன், அது இன்னொரு தரப்பு என்றார். சிவப்பும் கறுப்பும் கட்சி ஆகிவிட்டன. கடைசியில் அவன் சாம்பல் நிறத்தில் நின்றான், நேற்றுதான் காய்ச்சல் விட்டு எழுந்தவன் மாதிரி.

வேலை முடிந்து பிரஷ் கழுவும்போது முதலாளி பக்கத்தில் வந்து நின்றார். குரலில் அன்பு வழிந்தது.

"கோச்சிக்காதம்மா, நம்ம பக்கம் கலருக்கும் தெரு இருக்குது. ஆமா, கேக்கணும்னு இருந்தேன், நீ எந்தத் தெரு?"

சென்னையிலிருந்து ஒரு போன்

பொறுக்க முடியாமல் என் வீராங்கனையை இணையத்தில் போட்டேன். எங்கெங்கிருந்தோ பாராட்டினார்கள். சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். மண்வாசனை பிரமாதம் என்றார், வாங்கிக்கொள்கிறோம் என்றார். சட்டையை மட்டும் எடுத்துவிட்டு, கண்டாங்கியும் காலில் தண்டையும் போட்டுத் தரச் சொன்னார். எங்கள் அம்மாவே இந்தச் சட்டையைத்தான் போடுகிறாள் என்று சொல்லிப் பார்த்தேன்.

"இருக்கலாங்க. ஆனா வில்லேஜ் பொண்ணு சட்டை போட்டா ரியலா தெரியாது."

என் இஷ்டப்படி ஒரு சுவர்

திண்டிவனத்துக்கு வெளியே புதிதாக ஒரு பள்ளி. தலைமை ஆசிரியை என் வயதுக்காரர். நுழைவாயில் சுவரைக் காட்டி, உங்கள் இஷ்டம் என்றார். அந்த வார்த்தையை யாரும் என்னிடம் சொன்னதே இல்லை. என் வீராங்கனையை மூன்று நாளில் ஏற்றி முடித்தேன். கட்டம் போட்ட சட்டை, அதில் அம்மா மாற்றித் தைத்த வேறு நிறப் பொத்தான்கூட விடவில்லை. கையில் நாற்றுக்கட்டு. அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைப்பானேன்.

அடுத்த நாள் யூகேஜி படிக்கிற ஒரு பெண் சுவரைப் பார்த்து, "எங்க அம்மா" என்றிருக்கிறாள். மற்ற பிள்ளைகள் அவளைச் சட்டைக்காரி மகள் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கு மறுநாள் அவள் அம்மா வந்தார். நல்ல புடவை கட்டி, பூ வைத்து வந்திருந்தார். நகக்கண்ணில் சேறு இருந்தது. சண்டை போடவில்லை. போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

"எம் பொண்ணு நாளைக்கு அந்தச் சட்டையை மாட்டக் கூடாதுன்னுதாங்க இங்க சேத்துருக்கோம். நீங்க அதையே வாசல்ல எழுதி வெச்சிருக்கீங்களே."

ஞாயிற்றுக்கிழமை

சட்டையின் மேல் தங்க நிறத்தில் கவசம் பூசினேன். துண்டு சிவப்பு அங்கியானது, நாற்றுக்கட்டு வாளானது. பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் அழுதேன்.

இதற்கு நடுவில் அம்மாவிடம் வேறு வாய் விட்டிருந்தேன், உன்னைத்தான் வரைகிறேன், ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்று. அவள் மறக்கவில்லை. கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம் முந்தானையைத் திருகிக்கொண்டே வந்தாள். சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். இது நீ இல்லை, மாற்றிவிட்டார்கள் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நல்லா ராணியாட்டம் இருக்கேன்டி. எங்க அந்தச் சட்டையோட வரைஞ்சி வெச்சிருப்பியோன்னு பஸ்ஸுல பயந்துக்கினே வந்தேன்."

இத்தனை பேர் எனக்கு அளவு சொன்னதில், அந்தச் சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னவர்கள் அந்த இரண்டு அம்மாக்கள் மட்டும்தான்.