அழாதை என்று சொன்ன வாய்

புளியங்குளம் ரயில் ஸ்டேசனில் இராசமலரின் கண்ணில் படாமல் ஒரு பிள்ளை கோச்சி ஏற முடியாது. தேத்தண்ணிக் கேத்திலை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்து நிற்பாள். "நீ ஆற்றை பிள்ளை? அம்மாவின்ரை பேர் என்ன? உன்னோடை வாறது ஆர்?" கேள்வி மூன்றுதான். பதிலைப் பிள்ளையே சொல்ல வேண்டும். பெரியவர்கள் வாய் திறந்தால், "உங்களை நான் கேக்கேல்லை" என்று வெட்டிவிடுவாள். ஒருமுறை, பெற்ற மகளைக் கூட்டிக்கொண்டு போன ஒரு கிளாக்கரை மறித்து வைத்துக் கோச்சியைத் தவற வைத்தாள். அந்த மனுசன் குதித்த குதிப்பில் கையிலிருந்த குடை முறிந்ததுதான் மிச்சம்.

ஊர் அவளுக்குப் "பொலிஸ்மலர்" என்று பட்டம் வைத்தது. சிரிப்புக்கு வைத்தாலும் உள்ளுக்குள் பெருமைதான். "மலரக்கா நிக்குமட்டும் எங்கடை பிள்ளையளுக்குப் பயமில்லை" என்று தாய்மார் சொல்வார்கள். அப்படி யாரும் சொன்னால் இராசமலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதப் போய்விடுவாள். அடக்கம் என்று ஊர் நினைத்தது. ஊர் எதைத்தான் சரியாக நினைத்தது? அது வெட்கம். ஆறு வருசமாக அவளைத் தின்றுகொண்டிருந்த வெட்கம்.

இராசமலரும் புருசன் சின்னராசாவும் நெல்லியடிப் பக்கத்து ஆட்கள். குளத்தின் கீழே காணி கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு வன்னிக்கு வந்தவர்கள். அவன் வயலைப் பார்த்தான். அவள் ஸ்டேசன் வேலியோரம் கொட்டில் போட்டுத் தேத்தண்ணியும் பேக்கரிப் பணிசும் விற்றாள். ஒரே மகள் கமலாசனி. ஐம்பத்தேழாம் ஆண்டு அவளுக்கு ஏழு வயது.

அந்த வருசந்தான் பிள்ளைபிடிகாரன் கதை வன்னியெல்லாம் பரவியது. எங்கேயோ ஆற்றுக்குப் பெரிய பாலம் கட்டுகிறார்களாம், தூண் நிற்கவில்லையாம், பிள்ளைப் பலி கேட்கிறதாம், சாக்கோடு ஆட்கள் திரிகிறார்களாம். எந்த ஆறு, எந்தப் பாலம் என்று கேட்டவர் ஒருவருமில்லை. வீட்டுக்கு வீடு சாக்குக்காரன் நல்லாய்ப் பயன்பட்டான். சோறு தின்னாத பிள்ளைக்குச் சாக்குக்காரன், நித்திரை கொள்ளாத பிள்ளைக்குச் சாக்குக்காரன். இராசமலரும் கமலாசனியை அவனை வைத்துத்தான் வளர்த்தாள்.

அந்த ஆடி மாதம் கதிர்காமத்துக்கு நடந்து போன ஒரு கிழச்சாமியார் சந்தியில் தண்ணீர் கேட்டார். தோளில் துணிமூட்டை இருந்தது. அது போதாதா? ஊர் கூடி அடித்தது. மூட்டையை உதறிப் பார்த்தால் ஒரு வேட்டியும் திருநீற்றுப் பையும் விழுந்தன. இராசமலரும் ஒரு விறகுக்கட்டையை எறிந்திருந்தாள். அது அவர் காலில் பட்டதையும் கண்டாள்.

அதற்கு மூன்றாம் நாள், பத்து மணி வெயிலில், நெடுங்கேணிப் பக்கத்து பஸ் வந்து நின்றது. ஒரு புருசனும் பெண்சாதியும் கமலாசனி வயதில் ஒரு சிறு பெட்டைப் பிள்ளையோடு இறங்கிக் கொட்டிலின் வாங்குப் பலகையில் வந்து இருந்தார்கள். அந்த மனுசிக்குக் கழுத்தில் இரட்டைப்பட்டுத் தங்கச் சங்கிலி, பேச்சு நல்ல யாழ்ப்பாணப் பேச்சு. பெட்டைக்குப் புதுக் கவுன். கடை மடிப்பு இன்னும் குலையவில்லை. ஆனால் தலை எண்ணெய் கண்டிருக்கவில்லை. கால் வெறுங்கால். உப்புத் தண்ணியில் ஊறி வெடித்த கால்.

இதையெல்லாம் இராசமலர் கண்டாள். கண்டும், சங்கிலியைப் பார்த்தாள். சங்கிலி போட்டவள் பிள்ளை பிடிப்பாளோ? பிள்ளைபிடிகாரனுக்குச் சாக்கு இருக்க வேண்டுமே.

பெட்டை அழுதது. விக்கி விக்கி, "வீட்டை போகப் போறன், அம்மா தேடுவா" என்று அழுதது.

"என்ரை தங்கச்சியின்ரை பிள்ளை. கொழும்பு ஆஸ்பத்திரியிலை காட்டக் கொண்டு போறம். ஊசிக்குப் பயம்" என்றாள் சங்கிலிக்காரி.

வாங்கிலிருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். இராசமலர் கெட்டித்தனம் காட்ட நினைத்தாள். ஒரு பணிசை எடுத்துப் பெட்டையின் கையில் வைத்துவிட்டுக் குனிந்து சொன்னாள்: "அழாதை பிள்ளை. அழுகிற பிள்ளையளைத்தான் சாக்குக்காரன் பிடிக்கிறவன். உங்கை சந்தியிலைதான் நிக்கிறான்."

பெட்டை கப்பென்று அழுகையை நிறுத்திவிட்டது. பணிசைத் தின்னவுமில்லை, கீழே போடவுமில்லை. கொழும்புக் கோச்சி வந்தது. சங்கிலிக்காரி, "நல்ல கெட்டிக்காரி நீங்கள்" என்று சிரித்துவிட்டு ஏறினாள். யன்னலோரம் இருந்த பிள்ளை சந்திப் பக்கம் பார்க்கப் பயந்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு போனது.

நாலு நாள் கழித்து முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஒரு மீனவக் குடும்பம் வந்தது. தாயின் பேர் அற்புதம், தகப்பன் லோறன்ஸ். அற்புதத்தின் கையில் ஒரு படம் இருந்தது. வேதக் கோயிலில் புதுநன்மை எடுத்த அன்று வெள்ளைச் சட்டையும் முக்காடுமாகப் பிடித்த படம்.

"அக்கா, இவள் என்ரை மகள் ஞானமலர். கருவாடு காயவைக்கிற இடத்திலை நிண்டவள், காணேல்லை. இந்தப் பக்கம் கண்டனீங்களோ?"

படத்தில் இருந்தது, பணிசோடு கோச்சி ஏறிய அதே பெட்டை. சுற்றிவரச் சனம். சின்னராசாவும் நின்றான். கண்டேன் என்றால், என்ன கண்டாய் என்று கேட்பார்கள். பிள்ளை அழுதது என்றால், நீ என்ன செய்தாய் என்று கேட்பார்கள். பணிசைக் கொடுத்து, வாயை மூடி, வழியனுப்பி வைத்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

"இல்லைத் தங்கச்சி. காணேல்லை."

பக்கத்தில் நின்ற யாரோ, "பிள்ளைபிடிகாரர் யாழ்ப்பாணப் பக்கந்தான் கொண்டு போறாங்களாம்" என்றார். இராசமலர் அதற்கும் தலையாட்டினாள். அற்புதம் புறப்படும்போது, "கண்டா ஒரு சொல்லு அனுப்புங்கோ அக்கா. கரையிலை கோயிலுக்குப் பின்னாலை, லோறன்ஸ் வீடெண்டா ஆரும் காட்டுவினம்" என்றாள். இருவரும் வடக்கே போகிற கோச்சியில் ஏறினார்கள். பிள்ளை போனது தெற்கே.

அடுத்த கிழமையே இராசமலர் பொலிஸ்மலர் ஆனாள். ஒரு சொல் சொல்ல வாய் வராதவள், ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் காவல் நின்றாள். காவலால் பொய் கழுவுப்படும் என்று நினைத்தாளோ என்னவோ. கழுவுப்படவில்லை. ஒவ்வொரு பிள்ளையை மறிக்கும்போதும், மறிக்காத ஒன்றுதான் முன்னால் வந்து நின்றது. பணிஸ் விற்பதை விட்டாள். ஏனென்று சின்னராசா கேட்டதற்கு, எறும்பு வருகிறது என்றாள்.

அறுபத்துமூன்றில் கமலாசனி வயதுக்கு வந்து சாமத்தியப்பட்டாள். நெல்லியடியிலிருந்து மாமிமார் வந்தார்கள், பால் அறுகு வைத்துத் தண்ணி வார்த்தார்கள். மகளின் தலையில் தண்ணீர் விழுந்தபோது இராசமலருக்கு அந்த எண்ணெய் காணாத தலை ஞாபகம் வந்தது. அவளும் இந்த வயதுதானே. எந்த வீட்டுக் குசினியில் வேலைக்காரியாய் அடுப்பூதுகிறாளோ, யாரிடம் சொல்வாளோ, சொல்ல ஒரு ஆள் இருக்குமோ? இராசமலர் அந்த இடத்திலேயே குந்தியிருந்து குமுறினாள். ஆனந்தக் கண்ணீர் என்றார்கள் மாமிமார்.

சடங்கு முடிந்த மூன்றாம் நாள் முல்லைத்தீவு பஸ் ஏறினாள்.

அற்புதம் முற்றத்தில் சாக்கை விரித்துக் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. அவள் இழுத்துப் போட்ட கதிரையில் இராசமலர் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சங்கிலி, கவுன், பணிஸ், சாக்குக்காரன், தெற்கே போன கோச்சி, தன் பொய். ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்துவிட்டு அடி விழும் என்று காத்திருந்தாள். விழுந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

அற்புதம் இன்னொரு மீனைக் கையில் எடுத்தாள். பிறகு கேட்டாள்.

"அவள் அழுதவளோ?"

"ஓம்."

"என்ன சொல்லி அழுதவள்?"

"வீட்டை போகப் போறன், அம்மா தேடுவா எண்டு."

அற்புதம் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள். "இஞ்சை எல்லாரும் சொன்னவை, புதுச் சட்டைக்கு ஆசைப்பட்டு ஆரோடையோ தானாப் போயிட்டாள் எண்டு. என்ரை மனுசனும் அதை நம்பித்தான் செத்தவர். போன வருசம்." சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நீங்கள் அண்டைக்கே சொல்லியிருந்தா, மகள் கிடைக்காட்டிலும், அவர் தன்ரை பிள்ளையை வெறுக்காமல் கண்ணை மூடியிருப்பார்."

 தன்னால் ஒரு பிள்ளை போனது என்றுதான் இராசமலர் ஆறு வருசமும் கணக்குப் பார்த்திருந்தாள். ஒரு தகப்பனும் போனான் என்பது அவளுக்குத் தெரியாது.

"பொலிசிலை வந்து சொல்லுறன் தங்கச்சி. இப்பவே வாறன்."

"வாங்கோ" என்றாள் அற்புதம். "வந்து சொல்லுங்கோ. பிறகு இந்தப் பக்கம் வராதேங்கோ."

பொலிசில் எழுதினார்கள். ஆறு வருசத்துக்கு முந்தின கதை, சங்கிலி போட்ட மனுசி, கொழும்பு. எழுதினவரே தலையை நிமிர்த்திப் பார்க்கவில்லை.

திரும்பி வந்த பஸ்ஸில், இராசமலருக்கு முன் இருக்கையில் ஒரு தாயின் மடியில் சின்னப் பெட்டையொன்று கத்தி அழுதது. பஸ் முழுக்க முகம் சுளித்தது. தாய் கூச்சப்பட்டுப் பிள்ளையின் காதில், "அழாதை, சாக்குக்காரன் வாறான்" என்றாள். பிள்ளை கப்பென்று அழுகையை நிறுத்தியது.

இராசமலர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள்.

"அழட்டும், தங்கச்சி," என்றாள். "அதின்ரை வாயை மூடாதேங்கோ. அழத் தெரிஞ்ச பிள்ளைதான் ஊருக்குக் கேக்கும்."

பஸ்ஸில் இருந்தவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். கிறுக்கு என்று ஒருவர் முணுமுணுத்தார். அவள் இருக்கவில்லை. அந்தப் பிள்ளை மறுபடி அழத் தொடங்கும்வரை அப்படியே நின்றாள்.