கழட்டிப்போட்ட விளக்குகள்

ஆனைமலைத் தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன நாற்பது வயதுக் கார் அது. அதன் சொந்த உறுப்புகளோடே அதை ஓடவைக்க வேண்டும் என்பது என் பித்து. வண்ணம் பூசத் துடியலூர்ப் பட்டறையில் விட்டேன். மெக்கானிக் மதராஸ்காரர். "வெளக்கு ரெண்டையும் கழட்டிப்போடுங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

மாலையில் வந்தால், பார்வை பறிபோன முகம்போல் கார் நின்றது.

"வெளக்கு எங்கீங்க?"

"நீங்கதானே சார் கழட்டிப் போடச் சொன்னீங்க? புதுசு மாட்டப் போறீங்கன்னு நெனச்சேன். பழைய இரும்புக்கடையில போட்டுட்டேன்."

எங்கள் பேச்சில் 'கழட்டிப்போடு' என்றால் கழற்று, அவ்வளவுதான். அவருக்கோ அது கழற்றி எறிவது. அந்தப் பித்தளை விளக்குகளுக்கு மாற்று இனி எங்கும் கிடைக்காது. சைக்கிளை மிதித்தேன்; மேட்டுப்பாளையம் சாலை அன்றுபோல் என்றும் நீண்டதில்லை.

கடைக்காரர் சுத்தியலை ஓங்கியிருந்தார்.

"ஏனுங்க, ஒடைச்சுப்போடாதீங்க!"

"இன்னும் ஒடைக்கலீங்க" என்று சிரித்தார். "ஒரு நிமிசம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா மொறத்துலதான் அள்ளிக்கிட்டுப் போயிருப்பீங்க."

இப்போதெல்லாம் பட்டறையில் "கழட்டி என் கையில கொடுங்க" என்றே சொல்கிறேன். சொல்லிவிட்டு வேலைக்கும் போவதில்லை. கைகளை நீட்டியபடி வண்டிக்குப் பக்கத்திலேயே நிற்கிறேன்.