காத்திருக்கும் குழு

பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கும் நான், என் ஆய்வுக்காக மாங்கேணி என்ற கடற்கரைக் கிராமத்துக்குப் போயிருந்தேன். கடலில் கணவரைப் பறிகொடுத்த பெண்களுக்கு உளவளத்துணை, அதாவது மன ஆலோசனை, எவ்வளவு உதவுகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். சீட்டுக் குலுக்கி அவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தோம். ஒரு குழுவுக்கு உளவளத்துணை உடனே தொடங்கும். மற்றக் குழு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சில மாதம் காத்திருக்கும். எல்லாரும் சம்மதித்துத்தான் சேர்ந்தார்கள்.

காத்திருந்தவர்களில் ஒருவர் றோசலின் அக்கா. ஒருநாள் காலை, அமர்வு நடக்கும் மண்டபத்து வாசலில் என்னை மறித்தார்.

"நானும் உள்ளுக்கு வந்து இரிக்கட்டா மிஸ்? நித்திரையே இல்ல. கடல் இரைச்சல் கேட்டா நெஞ்சு அடைக்குது."

"உங்கட முறை வரும் அக்கா. இப்ப சேர்த்தா ஆய்வு பிழையாப் போயிரும்."

அவர் என்னையே பார்த்தார். "அப்ப நான் சுகமாகாம இரிக்கிறதுதான் உங்களுக்குத் தேவையா?"

உடனே என் ஆய்வை மேற்பார்வை செய்யும் விரிவுரையாளருக்குப் போன் எடுத்தேன்.

"ஆய்வில இருந்து அவவ விலக்கிட்டு இப்பவே உதவிக்கு அனுப்புங்க. மனுசருக்குப் பிறகுதான் ஆய்வு. இத முதல் வகுப்பிலேயே படிச்சீங்கதானே?" என்றார்.

அன்றே அக்காவை உளவளத்துணையாளரிடம் கூட்டிப்போனேன். நாளடைவில் கொஞ்சம் நித்திரை வருவதாகச் சொன்னார். என்மேல் அவருக்குக் கோபமில்லை.

ஆனால் அவரைக் கூட்டிப்போன அன்று மாலை எனக்கு நிம்மதியில்லை. அக்கா வாய்விட்டுக் கேட்டுவிட்டார். காத்திருந்த மற்றப் பெண்களோ என்னைக் கண்டால் சிரித்துவிட்டுப் போவார்கள். அந்தச் சிரிப்பைச் சுகமென்று நான் நம்பியிருந்தேன். மறுநாள் விடிந்ததும், அவர்களுக்கு நித்திரை வருகிறதா என்று கேட்க, ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டத் தொடங்கினேன்.