பிள்ளைகள் இல்லாத ஊர்

சவ்வாது மலையில் எங்கள் ஊரில் ஒருமுறை ஒரு பகல் முழுக்கப் பிள்ளைகளே இல்லாமல் போய்விட்டார்கள். நோய்நொடி ஏதும் இல்லை. எல்லாம் அப்பாவின் யோசனை.

மேலே ஏறி வருகிறவர்கள் எதையாவது எண்ணிக்கொண்டு போகத்தான் வருவார்கள். முன்பு ஏரை எண்ணினார்கள், ஏருக்கு வரி வந்தது. அதிலிருந்து, ஆள் வருகிறது என்றால் கலப்பைகளைத் தூக்கிப் புதருக்குள் போடுவது எங்கள் ஊர் வழக்கம். அந்த மாசியில் செங்கத்துப் பக்கமிருந்து ஒரு வாத்தியார் ஜனத்தொகைக் கணக்கெடுக்க வருகிறார் என்று சேதி வந்ததும் அப்பா ஊரைக் கூட்டினார்.

“ஏர எண்ணுனாங்க, ஏருக்கு வரி போட்டாங்க. இப்போ தலைய எண்ண வர்றாங்களாம். இன்னாத்துக்கு? சும்மாவா இம்மாந்தூரம் ஏறி வர்றாங்க?”

யாருக்கும் மறுப்பில்லை. பெரியவர்களை மறைக்க முடியாது, பிள்ளைகளை மறைக்கலாம் என்று முடிவாயிற்று. வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் போகும் கடுக்காயை விடியலிலிருந்து பொறுக்கிய அம்மாவுக்கு, நாங்கள் ஒருநாள் கண்ணில் படாமல் இருப்பதே பெரிய உதவியாக இருந்திருக்கும்.

ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரையும் அக்காவின் பொறுப்பில் காட்டுக்கு அனுப்பினார்கள். பழக்க தோஷம், கலப்பைகளும் கூடவே வந்தன. யார் கேட்டாலும் ஊர்ப்பெயரைச் சொல்லக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. அக்கா இடுப்பில் தம்பியோடு முன்னால் நடந்தாள். அவள் கொஞ்ச நாள் அடிவாரத்தில் மாமா வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் போனவள். தம்பி பிறந்ததும் அவனைத் தூக்க ஆள் வேண்டும் என்று கூட்டிவந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு, கண்ட பாறையிலெல்லாம் கரியால் தன் பெயரை எழுதிக்கொண்டிருப்பாள்.

வாத்தியார் ஊரில் வேலையை முடித்து, வந்த வழியே இறங்காமல், குறுக்குவழி என்று நம்பி நாங்கள் ஒளிந்திருந்த இடத்துக்கே வந்து சேர்ந்தார். செருப்பு அறுந்து கையில் இருந்தது. எங்களைப் பார்த்ததும் அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

“எந்த ஊரும்மா நீங்க எல்லாம்?”

“வேற ஊருங்க,” என்றாள் அக்கா.

அவர் கலப்பைகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கோபித்துக்கொள்ளக்கூட அவரிடம் தெம்பில்லை. தண்ணீர் கேட்டார். அக்கா சுரைக்குடுவையைக் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை அவர் சட்டைப்பையில் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தவள், மெல்லக் கேட்டாள்.

“எங்க ஊருக்குப் பள்ளிக்கூடம் வருமாங்க?”

“புள்ளைங்க நெறைய இருக்கற ஊராப் பார்த்துத்தாம்மா வெப்பாங்க. இப்போ பார்த்துட்டு வர்ற ஊர்ல ஒரு புள்ளகூட இல்லைன்றாங்க. அங்க யாருக்கு வெக்கறது? உங்க ஊரு பேரச் சொல்லு, எழுதிக்கறேன்.”

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அக்கா வாயைத் திறந்தாள். எங்களைத் திரும்பிப் பார்த்தாள். நான் அப்பாவின் நல்ல மகளாக, உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வாத்தியார் பேனாவை மூடி, செருப்பை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

ஊரில் அன்று எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். ஆனால் திரும்பும் வழியெல்லாம் அக்கா அழுதுகொண்டே வந்தாள். தம்பி கனக்கிறான் போலிருக்கிறது என்று நினைத்து, நான் தூக்கிக்கொள்கிறேன் என்று அவனை வாங்கிக்கொண்டேன். அப்படியும் அவள் அழுகை நிற்கவில்லை. இனி என்னதான் வேண்டுமாம் இவளுக்கு என்று எனக்குக் கோபமாக வந்தது.