மந்திரிக்காத கம்ப்யூட்டர்

ஐரின் அந்த போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தாள் என்று சொல்ல மாட்டேன். மாட்டிக்கொண்டிருந்தாள், பத்து வருஷம்.

பிளஸ் டூவும் ஆறு மாதக் கம்ப்யூட்டர் படிப்பும் முடித்து, தொண்ணூற்றெட்டில் நாகல் நகர் ஞானராஜ் கடையில் சேர்ந்தாள். சேர்ந்த அன்றே அவன் அவளுடைய ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டினான். தொழில் பழகிக்கொண்டு பிள்ளைகள் ஓடிவிடக் கூடாதாம். அதே கடையைக் கூட்டித் துடைக்கிற என்னிடம் பூட்டி வைக்க ஒரு காகிதமும் இல்லை, தப்பித்தேன்.

கல்யாணப் படங்களைச் சரிபண்ணி, அச்சுக்குத் தோதாக மாற்றி எடுப்பது அவள் வேலை. எக்ஸ்போர்ட் என்பார்கள். ஒரு கல்யாணத்துக்குத் தொள்ளாயிரம் படம். கம்ப்யூட்டர் மூன்று மணி நேரம் உறுமும். நடுவில் நின்றுவிட்டால் முதலிலிருந்து போட வேண்டும் என்று அவள் எழுந்திருக்கவே மாட்டாள். இரண்டு தடவை பெண் பார்க்க வந்தவர்கள் காத்திருந்து காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

போன வருஷம் வடமதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலை கிடைத்தது. சனிக்கிழமைக்குள் ஒரிஜினலோடு வரச் சொன்னார்கள். ஞானராஜிடம் கேட்டாள்.

"புதுக் கம்ப்யூட்டர் வருதுத்தா. அது ஒரு மணி நேரத்துல முடிச்சுருச்சுன்னா எம் பொண்டாட்டி ஆனந்தமேரியே பாத்துக்கிருவா. நீ சர்ட்டிபிகேட்ட வாங்கிட்டுக் கெளம்பு."

வியாழக்கிழமை காலை பழையதையும் வந்திறங்கிய புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே கல்யாணத்தை ஓட விட்டார்கள். மத்தியானம் பழையது முடித்துவிட்டது. புதியது இன்னும் நூறு படம் பின்னால் கிடந்தது.

"பாத்தியா? கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான்," என்றான் ஞானராஜ். கம்ப்யூட்டர் வீணானதற்கு முகம் வாடவில்லை அவனுக்கு.

ஐரினுக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணே, படம் பூரா பழசுலதான இருக்கு? புதுசு ஒவ்வொண்ணா வயர் வழியா இழுத்து, முடிச்சுத் திரும்ப அங்கயே வைக்குது. இதுக்குள்ளயே படத்தப் போட்டு ஓடவிட்டாத்தான் தெரியும்."

"அதெப்படி? ஃபாதர் ஞாயித்துக்கிழமதான் செபம் சொல்லி மந்திரிக்க வாரார். மந்திரிக்காத மிசின்ல முதமுதலா அடுத்தவன் வீட்டுக் கல்யாணத்த ஏத்தச் சொல்றியா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏப்பா ஞானராஜு, மாப்பிள்ள பொண்ணுக்குத் தாலி கட்டியாச்சு. இனி ஒம் பொட்டிக்குள்ள போயி என்ன கெட்டுப் போகப் போகுது?"

"ரோஸ்மேரிக்கா, நீங்க சும்மா இருங்க."

சும்மா இருப்பதா? வீட்டுக்குப் போய், ஈஸ்டருக்குக் கோயிலில் பிடித்து வைத்த தீர்த்தப் பாட்டிலை எடுத்து வந்தேன். அவன் தடுப்பதற்குள் அந்தப் பெட்டியின் தலையில் நாலு சொட்டுத் தெளித்து, சிலுவையும் போட்டேன்.

"ஐயையோ, கரண்டுக்கா!"

"செத்தா நாந்தானய்யா சாவேன். போடுத்தா ஐரினு."

சாமி தண்ணீர் விழுந்துவிட்டதே என்று அவனும் சிலுவை போட்டுக்கொண்டு விலகினான். படங்களைக் கையளவு டிஸ்க் ஒன்றில் இறக்கி, புதியதற்குள் ஏற்றினாள். பிறகு ஓட விட்டாள். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தெட்டாவது நிமிஷம் தொள்ளாயிரமும் முடிந்தது. அவள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது.

ஞானராஜ் திரையைப் பார்த்தான். எங்களைப் பார்க்கவில்லை.

"இம்புட்டு வேகமா? அப்ப ஆயக்குடி, வடமதுர ஸ்டூடியோக்காரங்க வேலையவும் நாமளே வாங்கிப் பண்ணலாமே! ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கல்யாணம் ஓடும்."

"அண்ணே, எஞ் சர்ட்டிபிகேட்டு..."

"ஏழெட்டுக் கல்யாணத்த ஆனந்தமேரி எப்பிடித்தா பாப்பா? அவளுக்கு மவுசே பிடிக்கத் தெரியாது. இந்த ஒரு சீசன் இரு."

"நீயெல்லாம் கோயில்ல பூச வைக்கிறியாக்கும்!" என்று கத்தினேன். பீரோச் சாவி அவன் இடுப்பில் கிடந்தது. கத்தி என்ன பண்ண?

தண்ணீர் தெளிக்காமல் இருந்திருந்தால் புதியது தோற்றதாகவே இருந்திருக்கும். அப்போதும் அவன் விட்டிருக்க மாட்டான். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு கல்யாணத்தோடு அவள் பாடு போயிருக்கும்.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து ஐரினுக்குப் போன் வந்தது. அவள் எடுக்கவில்லை. புதியதில் ஒரு கல்யாணம் முடிந்துகொண்டிருந்தது, பழையதில் இன்னொன்று பாதி ஓடியிருந்தது. நாற்காலியை இரண்டுக்கும் நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.