எண்பத்தேழில் விடுபட்டவள்

கிங்ஸ்பரியில் நான் வேலை பார்க்கும் வாழ்த்து அட்டைக் கடையில் பிறந்த வருட அட்டைகளுக்கென்று தனித்தட்டு உண்டு. அட்டையை விரித்தால், அந்த வருடம் பிரித்தானியாவில் நடந்த பெரிய சம்பவங்களும் பிறந்த பிரபலங்களின் பெயர்களும் அச்சிட்டிருக்கும்.

அன்று வந்த ஒருவர் 1987ஆம் வருட அட்டையை எடுத்து வந்தார். கம்பளித் தொப்பி போட்டிருந்தார், கண்ணாடியின் ஒரு காலில் டேப் சுற்றியிருந்தது. கவுண்டரில் அட்டையை விரித்தார். பேனையை உள்ளங்கையில் ஒருமுறை கீறிப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "அண்ணை, வாங்கிறதுக்கு முதல் எழுதக் கூடாது!"

"வாங்கத்தானே போறன், தங்கச்சி." அவர் நிமிரவில்லை. "இதைப் பாருங்கோ. அந்தப் பெரிய புயலில மரங்கள் விழுந்ததைப் போட்டிருக்கினம். அண்டைக்குத்தான் என்ர மகளும் பிறந்தவள். அவளை விட்டிட்டினம்."

எட்டிப் பார்த்தேன். நடிகர்கள், பாடகர்கள், பந்தாட்டக்காரர்கள் எல்லாருக்கும் கீழே, அச்செழுத்து மாதிரியே சின்னதாக, அவளுடைய பெயர்.

"மகளுக்குப் பிறந்தநாளோ?"

"ஓம். ஒவ்வொரு வருசமும் இதே அட்டைதான். 'என்னப்பா, திரும்பவும் இதுவோ' எண்டு சிரிப்பாள். அச்சடிக்கிறவை திருத்தும் வரைக்கும் நான் குடுக்கத்தானே வேணும்?"

காசைக் கொடுத்துவிட்டு, அட்டையைக் கோட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கடையில் வேறு ஒருவரும் இல்லை. தட்டுக்குப் போய், என் மகன் பிறந்த வருடத்து அட்டையை எடுத்து விரித்தேன். மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு பெயராக வாசித்தேன்.

அவனையும் விட்டிட்டினம்.