ஈதர் கொடுத்த டாக்டரம்மா

கிருபா டாக்டரம்மா இறந்துவிட்டார் என்று சீவலப்பேரி பேருந்தில் நடத்துனர் சொன்னபோது நான் நம்பவில்லை. பாளையங்கோட்டையில் இறங்கினேன். சுவரில் அவர் படம் போட்ட இரங்கல் தாள் ஒட்டியிருந்தார்கள். எனக்கு எழுத்து தெரியாது. போகிற ஒருவரை வாசிக்கச் சொன்னேன். அவர் போனபின் இன்னொருவரை. இரண்டு பேரும் ஒன்றையே வாசித்தார்கள்.

இந்தப் பழக்கம் டாக்டரம்மா கொடுத்தது. பல வருடங்களுக்கு முன் டிராக்டர் சக்கரம் என் வலது பாதத்தில் ஏறி, புண் அழுகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு தாளை நீட்டிக் கைநாட்டு கேட்டார்கள். நெல் அளந்து பிழைக்கிறவன் நான். கால் போனால் களத்தில் எப்படி நிற்பேன்? மயக்கிவிட்டுக் காலை எடுக்கத்தான் இந்தத் தாள் என்று விரலை மடக்கிக்கொண்டேன்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து தாளை வாசித்தார்.

"பாதத்தைக் காப்பாத்த முடியலைன்னா எடுக்கலாம்னு இதுல இருக்கு. என்னை நம்பாதீங்க. பக்கத்துக் கட்டில்காரரையும் வாசிக்கச் சொல்லுங்க."

சொன்னேன். அதுவேதான் இருந்தது.

"மருந்து பேரு என்ன?"

"ஈதர். கிரேக்கச் சொல்லு. மேல் ஆகாயம்னு அர்த்தம். துணியில விட்டா நிமிஷத்துல காத்தாப் போயிரும், அதான் அந்தப் பேரு. மூச்சுல போனா வெட்டினாலும் வலி தெரியாது."

"என்னை ஆகாயத்துக்கா அனுப்புதிய?"

"திரும்பக் கூட்டிட்டு வாறதும் என் வேலைதான் அண்ணாச்சி. ஆனா பொறி பட்டா இது குப்புனு பிடிச்சிரும். மடியில என்ன?"

"ஒண்ணுமில்ல."

"நீங்க என்னைச் சந்தேகப்படுதிய. நான் உங்க மடியைச் சந்தேகப்படுதேன்."

பீடியும் தீப்பெட்டியும் வெளியே வந்தன. என்னைப் போலவே சந்தேகப்படுகிற ஆளை நம்பலாம் என்று பட்டது. கைநாட்டு வைத்தேன்.

முகத்தில் துணியை வைத்து எண்ணச் சொன்னார். களத்தில் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டோம், லாபம் என்போம். "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணினேன். இனிப்பாக ஒரு நெடி. ஏழு வரை நினைவிருக்கிறது.

விழித்ததும் கால் இருக்கிறதா என்றுதான் கேட்டேன். என்னைத் தூக்கி உட்காரவைத்து, கட்டுக்கு வெளியே நீட்டியிருந்த விரல்களில் என் கையை வைத்தார்.

"நான் சொன்னா நம்பமாட்டிய. நீங்களே எண்ணுங்க."

"லாபம், ரெண்டு, மூணு, நாலு." அதோடு நின்றது.

"சுண்டுவிரல் போயிட்டு அண்ணாச்சி. பாதம் இருக்கு."

அவரை அறிந்தவர்களே, அவர் பெருமைகளை நீங்கள் சொல்வீர்கள். என்னிடம் இருப்பது, நிற்க ஒரு பாதமும், எந்தத் தாளையும் இரண்டு பேரை வாசிக்கச் சொல்லும் சந்தேகமும். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல ஒருவர் எழுத, இன்னொருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டேன். அன்று அந்தச் சுவர் முன்னால் மட்டும் இரண்டு பேர் போதவில்லை. மூன்றாவதாக வந்தவரையும் நிறுத்தினேன்.